உன் சுமித்ரக்காவும் நானும்

நவீன், என் சாமி,

இதைத் தமிழில்தான் எழுதுகிறேன். உனக்குத் தமிழ் பேச வரும், படிப்பதென்றால் எழுத்துக்கூட்டித் திணறுவாய் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. மைசூரில் பிறந்து கன்னடப் பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளை, வேறு எப்படி இருப்பாய். கன்னடத்தில் எழுதியிருந்தால் ஒரே மூச்சில் படித்துவிட்டுப் போட்டோ எடுத்து உன் சுமித்ரக்காவுக்கு அனுப்பியிருப்பாய். அவளுக்குத் தமிழ் படிக்க வராது. அவள் படிக்க முடியாத ஒன்று நமக்குள் இருக்கட்டும் என்றுதான் இப்படி. நீ கௌஹாத்திக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாய், அறை நன்றாக இருக்கிறது, ஆறு கடல் மாதிரி இருக்கிறது என்று போனில் சொன்னாய். நான் "சாப்பிட்டியா" என்று மட்டும் கேட்டு வைத்துவிட்டேன். கேட்க நினைத்தது அது இல்லை. போய் இறங்கியதும் முதலில் யாருக்குப் போன் செய்தாய் என்று கேட்க நினைத்தேன்.

சிரிக்காதே. அறுபதை நெருங்குகிற ஒரு பொம்பளை, இருபத்தெட்டு வயது மகன் விஷயத்தில் இன்னொரு பொம்பளையைப் பார்த்துப் பொறாமைப்படுவது சிரிப்பாகத்தான் இருக்கும். உங்கப்பா இதைச் சொல்லி எத்தனையோ முறை சிரித்துவிட்டார். ஆனால் வயிறு எரிகிறவளுக்கு அது சிரிப்பில்லை. நீ தூரம் போய்விட்டாய், எனக்கும் வயசாகிறது. இனி மூடி வைத்து என்ன செய்யப்போகிறேன்.

கம்பெனி வேலையை விட்டுவிட்டேன் என்று நீ வந்து சொன்ன நாளில் எனக்குக் கோபம் வந்தது. பொறாமை அப்போது இல்லை. பழைய அரிசி மில் பின்னால் இருக்கிற குடோனில் சுமித்ரா என்று ஒரு மேடம் இருக்கிறார், வெயில், மழை, ஏரி, காடு என்று எதைப் பற்றியாவது நாடகமோ பாட்டோ படமோ செய்கிற பிள்ளைகளுக்கு ஒரு வருஷத்துக்கு இடமும் சாப்பாடும் கைச்செலவும் தருகிறார், உன்னையும் எடுத்துக்கொண்டார் என்றாய். எடுத்துக்கொண்டார் என்ற வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை. சரி, ஒரு வருஷம்தானே, கிறுக்கு தெளிந்து வரட்டும் என்று இருந்தேன். பிறகு ஒரு மத்தியானம் நீ மறந்து வைத்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு நானே அங்கே வந்தேன். நீங்கள் நாலு பேரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். உன் தட்டில் ராகி முத்தெ. கீரைச் சாறில் தோய்த்துத் தோய்த்து விழுங்கிக்கொண்டிருந்தாய். நம் வீட்டில் நான் களி கிண்டினால் சின்ன வயசிலிருந்தே தட்டைத் தள்ளிவிடுவாய், ஞாபகம் இருக்கிறதா? தொண்டையில் இறங்கமாட்டேங்குது என்பாய். உனக்காகத் தனியாகச் சோறு வடிப்பேன். அதே களிக்கு முத்தெ என்று பேர் வைத்து இன்னொருத்தி போட்டால் இறங்குகிறது. என்னைப் பார்த்ததும் சுமித்ரா எழுந்து வந்து, வாங்கம்மா, சாப்பிடுங்க என்று கன்னடத்தில் உபசரித்தாள். என் மகன் சாப்பிடுகிற இடத்தில் என்னை விருந்தாளியாக்கிவிட்டாள். ஆய்த்தும்மா, நான் சாப்பிட்டாயிற்று, வயிறு நிறைந்திருக்கிறது என்று சொல்லிக் கண்ணாடியைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அன்றைக்கு ஆரம்பித்தது இது.

அந்த வருஷக் கடைசியில் நீங்கள் செய்ததையெல்லாம் காட்டினீர்கள். வயலில் தூக்கியெறிந்த சொட்டுநீர்க் குழாய்களை ஹனூர் பக்கமெல்லாம் அலைந்து பொறுக்கிவந்து, வளைத்துக் கட்டி, மூன்று பேர் உள்ளே நின்று நடத்துகிற யானை ஒன்றைச் செய்திருந்தாய். உங்கள் நாலு பேரில் ஒருத்தியான மேகனா வெயிலில் சார்ஜ் ஏற்றிய பேட்டரியிலேயே எல்லா விளக்கையும் எரிய வைத்தாள். அந்தக் கறுத்த யானை அசைந்து வந்து, தண்ணீர் வராத போர்வெல் குழிக்குள் தும்பிக்கையை விட்டுத் துழாவியது. என் மகன் செய்தது என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னேன். அப்புறம் நீ மைக்கைப் பிடித்தாய். எனக்குக் காது கொடுத்துக் கேட்கச் சொல்லிக் கொடுத்தவர் சுமித்ரக்கா என்றாய். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன் நான். உனக்குக் கேட்கச் சொல்லிக் கொடுத்தது அவளா? எங்கள் பெரியம்மா எப்படி மூக்கால் பேசுவாள், நான் அப்போது வேலை பார்த்த பேங்க் மேனேஜர் எப்படி இருமிவிட்டுத் திட்டுவார் என்றெல்லாம் நான் அப்படியே பேசிக் காட்ட, நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, உடனே திருப்பிச் செய்து காட்டுவாயே. பேங்க் ஆண்டு விழா நாடகத்தில் நான் ஒரு தடவை மாமியாராக நடித்தேன். கைதட்டல் ஓயவில்லை. இவங்களுக்கு இதுதான் வேலையா இருக்கணும் என்று யாரோ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. மறுநாள் வழக்கம்போலக் கவுண்டரில் போய் உட்கார்ந்தேன். ஒரு வருஷம் உட்கார்ந்து யோசி, சோறு நான் போடுகிறேன் என்று என்னிடம் சொல்ல ஒரு சுமித்ரா இல்லை. ஆக, அவளைப் பார்த்து மட்டுமில்லை, உன்னைப் பார்த்தும்தான் எரிந்தது கண்ணு. பெற்ற பிள்ளையைப் பார்த்து ஒரு தாய் அப்படி நினைக்கலாமா என்று கேட்டால், நினைத்தேன். அவ்வளவுதான்.

கொஞ்ச நாளில் குடோன்காரர் இடத்தைக் கல்யாண மண்டபத்துக்காரருக்கு விற்றுவிட்டார். மாத முடிவுக்குள் காலி செய்ய வேண்டும், வேறு இடம் கிடைக்கவில்லை, அக்கா எல்லாவற்றையும் மூடிவிடலாம் என்கிறாள் என்று நீ வந்து சொன்னபோது, என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. முகத்தை மட்டும் வருத்தமாக வைத்துக்கொண்டேன். இனி பிள்ளை வீட்டுக்கு வந்துவிடுவான் என்று கணக்குப் போட்டேன். நீ வரவில்லை. உங்கப்பாவை அனுப்பிப் பார்த்தேன். காலியான குடோனில் சுமித்ரா ஒரு பெட்டி மேல் உட்கார்ந்திருக்கிறாள், நவீன் அவள் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருக்கிறான், கூப்பிட மனசு வரவில்லை என்று திரும்பி வந்து சொன்னார். இழவு வீட்டில் உட்காருகிற மாதிரி. அவளுடைய சந்தோஷத்தில் நீ பங்கெடுத்ததைக்கூட நான் தாங்கிக்கொண்டேன். துக்கத்திலும் பங்கெடுப்பதைத் தாங்க முடியவில்லை. நம் மாடி வீட்டில் குடியிருந்தவர்கள் அப்போதுதான் காலி செய்திருந்தார்கள். மறுநாள் காலையில் காப்பியை வைத்துவிட்டு, மாடியை எடுத்துக்கங்க என்றேன். நீ காப்பியைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாய். உங்கம்மாவுக்கு எவ்வளவு பெரிய மனசு என்று உங்கப்பா ஊரெல்லாம் சொன்னார். பெரிய மனசு எங்கே இருந்தது. அவளை ஜெயிக்கத்தான் கொடுத்தேன். அவளால் கொடுக்க முடியாமல் போனதை நான் கொடுத்தேன் என்று இருக்க வேண்டும், இனி நீ எங்கே போனாலும் என் படியில் ஏறித்தான் போக வேண்டும், அதுதான் என் எண்ணம்.

நம் விஜயநகர் வீட்டில் யானை வந்து இறங்கிய அழகை மறக்க முடியுமா? படிக்கட்டில் ஏறவில்லை என்று பால்கனியிலிருந்து கயிறு கட்டி இழுத்தீர்கள். எதிர் வீட்டுப் பென்ஷன்காரர் காரைத் துடைப்பதை விட்டுவிட்டு, என்னம்மா, வீட்டுக்குள்ள குழாய் வேலையா என்று கேட்டார். ஆமாம், பெரிய குழாய் என்றேன். ஆனால் நான் ஒன்றை யோசிக்கவே இல்லை. மாடியை உனக்குக் கொடுத்தால் சுமித்ராவும் வருவாள் அல்லவா? வந்தாள், தினமும். என் வீட்டு வாசலில் அவள் செருப்பு. என் தலைக்கு மேலே அவள் நடக்கிற சத்தம். நான் ஏதாவது பலகாரம் எடுத்துக்கொண்டு மேலே வந்தால் உங்கள் பேச்சு நின்றுவிடும். நால்வரும் என்னைப் பார்த்து மரியாதையாகச் சிரிப்பீர்கள். தேங்க்ஸ் ஆன்ட்டி என்பாள் மேகனா. கதவு சாத்திக்கொள்ளும். என் வீட்டில் ஒரு கதவு என் மூக்குக்கு முன்னால் சாத்திக்கொண்டது அதுதான் முதல் தடவை.

குழாய் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஹனூர் பக்கம் நம் சொந்த ஊரான ராமாபுரத்தில் உங்கள் ஆட்டத்தைத் தமிழில் போடுவது என்று முடிவாகியிருந்தது. நீங்கள் எல்லோரும் இடம் பார்க்க ஊருக்குப் போயிருந்த அன்று, என்னிடமிருந்த இன்னொரு சாவியால் மாடியைத் திறந்து பெருக்கினேன். மூலையில் குழாய்த் துண்டுகள் ஒரு குவியலாகக் கிடந்தன. தெருவில் பழைய சாமான்காரர் கூவிக்கொண்டு போனார். கொடுத்துவிட்டேன். குப்பை என்றுதான் நினைத்தேன், சத்தியமாக. ஆனாலும் உன்னிடம் ஒரு போன் செய்து கேட்டிருக்கலாம், அல்லவா? கேட்கத் தோன்றாதபடி என் கை அன்றைக்கு அவசரப்பட்டது ஏன் என்று எனக்கே தெரியும். அந்தக் குவியல்தான் யானையின் இரண்டு காதும். நீயும் உங்கப்பாவும் ஸ்கூட்டரில் பழைய சாமான் வாங்கும் குஜிரிக் கடைக்கு ஓடினீர்கள். அங்கே எல்லாவற்றையும் துண்டு துண்டாக வெட்டி மூட்டை கட்டிவிட்டார்களாம். திரும்பி வந்து நீ சத்தம் போடவில்லை. சமையலறை வாசலில் நின்றாய்.

"அம்மா, இது உன் வீடு. ஆனா மேல இருக்கறது என் வேல. ரெண்டும் ஒண்ணு இல்ல."

இவ்வளவு சுத்தமான தமிழில் நீ என்னிடம் பேசி நான் கேட்டதில்லை. என்னிடம் இருந்த சாவியை எடுத்து உன் கையில் வைத்தேன். நீயும் ஒருநாள் யாருக்காவது இடம் கொடுப்பாய். உன்னைவிடச் சின்னவர்கள் வந்து நிற்பார்கள். அன்றைக்கு இதை நினைத்துக்கொள். இடத்தைக் கொடுத்துவிட்டு இன்னொரு சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டால் அது கொடுத்ததாகாது, வாடகைக்கு விட்டதாகத்தான் ஆகும். நான் உன்னிடம் வாங்க நினைத்த வாடகை என்ன என்று உனக்குப் புரிந்திருக்கும்.

அன்று சாயங்காலம் நீங்கள் புதுக் காது கட்டிக்கொண்டிருந்தபோது சுமித்ரா கீழே வந்தாள். திட்ட வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். குடிக்கத் தண்ணீர் கேட்டாள். அடுப்பு மேடையில் சாய்ந்து நின்று குடித்தாள். நான் பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டேன், பெற்றவளும் இல்லை, சொந்தமும் இல்லை, ஊரார் பிள்ளைகளை வைத்துக்கொண்டு இப்படி அல்லாடுகிறாயே, உனக்கு இதில் என்ன கிடைக்கிறது என்று. வெடுக்கென்றுதான் கேட்டேன். அவள் கோபப்படவில்லை. தான் சின்ன வயசில் மேடை வேலைக்கு வந்தபோது, முதல் வருஷம் ஓட்டுவதற்கு யாராவது கைகொடுத்திருந்தால் கூட இருந்த எத்தனையோ பேர் ஓடிப்போயிருக்க மாட்டார்கள், அவர்களில் தன்னைவிடக் கெட்டிக்காரர்கள் இருந்தார்கள் என்றாள். வெயில் ஏறிக்கொண்டே போகிறது, தண்ணீர் இறங்கிக்கொண்டே போகிறது, அதைப் புள்ளிவிவரமாகச் சொன்னால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, யானையாக நடத்திக் காட்ட இந்தப் பிள்ளைகளால்தான் முடியும் என்றாள். இதெல்லாம் மேடையில் பேசுகிற பேச்சு என்று நான் மனசுக்குள் ஒதுக்கினேன். அப்புறம் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுச் சொன்னாள்:

"சாயங்காலம் ஆனா எல்லாரும் போனை எடுத்து அம்மாகிட்ட பேச ஆரம்பிச்சிடுவாங்க. எனக்கு எரிச்சலா வரும். நாள் பூரா இங்கதானே இருந்தீங்க, என்கிட்ட சொல்லாதது அங்க என்ன இருக்குன்னு."

கன்னடத்தில் சொன்னாள். நான் தமிழில் எழுதுகிறேன். அந்த ஒரு பேச்சுக்காக அவளை எனக்குக் கொஞ்சம் பிடித்தது. கொஞ்சம்தான்.

அதற்குப் பிறகு வந்த வாரம்தான் என் வாழ்க்கையில் நல்ல வாரம். ராமாபுரத்துப் பேச்சு உன் வாயில் வரவில்லை என்று நீயே என்னிடம் வந்தாய். நான் ஒவ்வொரு வசனமாகச் சொல்ல, போனில் பதிந்துகொண்டு திரும்பத் திரும்பச் சொன்னாய். "எங்கெ போறீங்கொ" என்று நீ இழுத்தபோது உங்கப்பா பக்கத்து அறையிலிருந்து, அச்சு அசல் என் மச்சான் என்றார். மேகனாவும் மற்ற இருவரும் கீழே வந்து என் கூடத்தில் உட்கார்ந்தார்கள். சுமித்ராவுக்குத் தமிழ் முழுசாகப் புரியாது. அவள் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். அவள் ஓரத்திலும் நான் நடுவிலும். எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா?

ராமாபுரத்தில் நம் சனம் எல்லாம் வந்திருந்தது. இதுக்குத்தான் இஞ்சினீர் படிச்சானா என்று உன் சித்தப்பா என் காதுபடவே கேட்டார். யானை வந்தது. நாய்கள் குரைத்தன, பிள்ளைகள் கூச்சலிட்டார்கள், அப்புறம் எல்லோரும் அடங்கிப் பார்த்தார்கள். பாதி ஆட்டத்தில் ஒருவர் எழுந்து நின்றார். போன வாரம்தான் அவருடைய சோளக்காட்டை யானை மிதித்து அழித்திருந்தது. எங்க வயித்துல அடிச்சதையே கொண்டாந்து எங்களுக்கு வேடிக்கை காட்டறியா என்று கத்தினார்.  நானாக இருந்தால் பதிலுக்குப் பத்து வார்த்தை பேசியிருப்பேன். நீ யானைக்குள்ளிருந்து வெளியே வந்து அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தாய்.

"சொல்லுங்க. கேக்கறேன்" என்றாய்.

அவர் சொன்னார். கிணறு வற்றியது, போர் போட்டது, அதுவும் வற்றியது, காட்டில் தண்ணீர் இல்லாமல் யானை இறங்கி வந்தது, மகன் திருப்பூருக்குப் போனது எல்லாவற்றையும் சொன்னார். நடுவில் நீ ஒரு வார்த்தை பேசவில்லை. தலையைக்கூட ஆட்டவில்லை. சனம் முழுக்க அவர் சொன்னதைக் கேட்டது. முடித்துவிட்டு அவரே, செரி, மிச்சத்தையும் காட்டு என்று உட்கார்ந்தார். அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. நான் உனக்குக் கொடுத்தது குரலைக் கேட்கிற காது. ஒருவர் எப்படிப் பேசுகிறார் என்று பிடித்துக்கொள்வேன், என்ன சொல்லி முடிக்கிறார் என்று என்றைக்கும் காத்திருந்ததில்லை. என் வீட்டில் யாரையும் ஒரு வாக்கியத்தை நான் முடிக்க விட்டதில்லை, உங்கப்பாவைக் கேள். மனுஷரைக் கேட்கிற காது உனக்கு என்னிடமிருந்து வரவில்லை. அவளிடமிருந்துதான் வந்தது. அன்று மேடையில் நீ சொன்னது உண்மை. உண்மை என்று தெரிந்த பிறகு எரிச்சல் குறையும் என்பார்கள். எனக்குக் கூடியது.

ஆட்டம் முடிந்து நன்றி சொன்னாய். சுமித்ரக்காவுக்கு, ஊர்க்காரர்களுக்கு, டிராக்டர் கொடுத்தவருக்கு, கரண்ட் இழுக்க இடம் கொடுத்த கடைக்காரருக்குக்கூட. என் பேர் வரவில்லை. வேனில் திரும்பும்போது நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தேன். கொள்ளேகாலம் தாண்டி நீ பக்கத்தில் வந்து உட்கார்ந்து என்னவென்று கேட்டாய். சொன்னேன். நீ சமாளிப்பாய், நீ வேற நான் வேறயாம்மா என்று ஏதாவது சர்க்கரை தடவுவாய் என்று எதிர்பார்த்தேன்.

"மறந்துட்டேம்மா" என்றாய்.

அவ்வளவுதான். அது வலித்தது. ஆனால் பொய் சொல்லாத பிள்ளையை வளர்த்திருக்கிறேன் என்று அந்த வலியோடேயே ஒரு நினைப்பும் வந்தது. அதற்காவது எனக்கு நன்றி சொல்ல ஆள் வேண்டாமா?

இப்போது வெள்ளம் பார்த்த சனங்களோடு வேலை செய்ய அவ்வளவு தூரம் போயிருக்கிறாய். ஸ்டேஷனில் என்னைவிடச் சுமித்ராவைக் கொஞ்சம் கூடுதல் நேரம் கட்டிப்பிடித்தாய். நான் பார்த்தேன். பார்க்கத்தான் நின்றேன். அங்கேயும் உனக்குக் கைகொடுக்கிறவர்கள் வருவார்கள். அவர்கள் போடுவதைச் சாப்பிடு, சொல்லிக் கொடுப்பதை வாங்கிக்கொள், என் முகத்தை நினைத்துக்கொண்டு எதையும் மறுக்காதே. என் எரிச்சலுக்கு நீ பொறுப்பில்லை. அதை நானே வைத்துக் காப்பாற்றிக்கொள்வேன்.

ஒரு சேதி சொல்லி முடிக்கிறேன். போன திங்கட்கிழமை சுமித்ரா ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தாள். நம் ஊர்ப் பக்கத்துக் கௌதள்ளிப் பெண், பேர் தேவி. ஊர் ஊராகப் போய், ஏரித் தண்ணீர் ஒரு காலத்தில் எதுவரை நின்றது என்று பெரியவர்களைக் கேட்டு, அந்த உயரத்துக்கு வீட்டுச் சுவரில் நீலமாக மீனும் பாசியும் வரைகிறாள். மேகனாவும் மற்றவர்களும் ஹாசனுக்குப் போயிருப்பதால் மாடி காலியாகத்தான் இருந்தது. கொடுத்துவிட்டேன். உன் கட்டிலில்தான் படுக்கிறாள். வாய் நிறைய அம்மா, அம்மா என்கிறாள், நம் ஊர்த் தமிழ். காலையில் வரைந்ததை எடுத்து வந்து முதலில் என்னிடம்தான் காட்டுகிறாள், சுமித்ராவிடம்கூட அப்புறம்தான். நேற்று பேங்க் மேனேஜர் இருமியதைச் செய்து காட்டினேன். உருண்டு உருண்டு சிரித்தாள். இந்த மாதிரி யாரும் செய்து அவள் பார்த்ததே இல்லையாம்.

அடுத்த முறை போன் செய்யும்போது, யாரம்மா அந்தப் பொண்ணு, எத்தனை நாள் இருப்பா என்று நீ சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்பாய். கேள் கண்ணு. அதை உன் வாயால் கேட்க வேண்டும் என்றுதான் இவ்வளவையும் எழுதினேன்.

உன் அம்மா